மழைத்துளி எந்தக் கடலுக்கு? கொங்கு நிலத்தின் நீர்ப்பிரிமேட்டை வரைபடத்தோடு தேடும் முறை

வழி தெரிந்துகொள்வதற்காக மட்டும் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகையினர். எங்கும் போக வேண்டிய தேவை இல்லாதபோதும் அதை விரித்துவைத்து மணிக்கணக்கில் மேய்ந்துகொண்டிருப்பவர்கள் இன்னொரு வகையினர். இந்த வழிகாட்டி இரண்டாம் வகையினருக்கானது. உலகெங்கும் இவ்வகையினர் தமக்கென விசித்திரமான பொழுதுபோக்குகளை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் புள்ளிகளைத் தேடிச் சென்று நின்றுவிட்டு வருபவர்கள் உண்டு; ஒவ்வொரு மாவட்டத்தின் மிக உயர்ந்த இடத்திலும் ஏறிப் பார்ப்பவர்கள் உண்டு; ஒரு நாட்டின் நிலத்துண்டு மற்றொரு நாட்டால் முழுவதும் சூழப்பட்டுக் கிடக்கும் இடங்களைப் பட்டியலிடுபவர்களும் உண்டு. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே அப்படிக் கிடந்த 162 துண்டுகள் 2015 ஜூலை 31 நள்ளிரவில் கைமாறியபோது அங்கே வாழ்ந்த மக்கள் மகிழ்ந்தார்கள்; பட்டியல் வைத்திருந்தவர்களுக்குத்தான் சற்று வருத்தமாக இருந்திருக்கும்.

கொங்கு நாட்டில் இத்தகைய பித்துக்கு வேண்டிய பொருள் குறைவில்லாமல் இருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேற்கேயுள்ள சித்தூர், இடையில் மலபார் மாவட்டம் குறுக்கிட்டதால், கொச்சி சமஸ்தானத்தின் மற்ற நிலத்தோடு ஒட்டாத தனித்துண்டாக இருந்தது. இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாகவே இருந்தது. கரூர் 1910-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போனது. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களுக்குத் தலைநகரங்களாயின. பழைய மாவட்ட வரைபடத்தின் மேல் புதியதை வைத்துப் பார்ப்பதே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமான இன்பம் தரும்.

ஆனால் எல்லைகள் மனிதர்கள் போட்டவை; அரசாணை வந்தால் நகர்ந்துவிடும். அரசாணைக்குக் கட்டுப்படாத ஒரு கோடும் இந்த நிலத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் விழும் மழை காவிரி வழியாக வங்கக் கடலைச் சேர்கிறது. மறுபக்கத்தில் விழுவது பாரதப்புழை வழியாக அரபிக் கடலுக்குப் போகிறது. இந்தக் கோடுதான் நீர்ப்பிரிமேடு. மற்ற இடங்களில் இக்கோடு பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில், காட்டுக்குள், எளிதில் எட்டாத உயரத்தில் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மலை விலகி நிற்பதால் இங்கே மட்டும் அது தரையிறங்கி, சோளக்காடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவே, எந்தப் பலகையும் எந்தக் கல்லும் இல்லாமல் ஓடுகிறது. பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் சென்று அடையக்கூடிய இக்கோட்டைத் தாளில் கண்டுபிடித்து நிலத்தில் சரிபார்ப்பது, வரைபடப் பித்தர் ஒருவர் கொங்கில் மேற்கொள்ளத்தக்க மிகச் சிறந்த வேலை என்பது என் கருத்து.

முதலில் கைப்பழக்கம்: 11 வடக்கு, 77 கிழக்கு

நீர்ப்பிரிமேட்டுக்குப் போகும் முன்பு, கருவிகளோடு பழகிக்கொள்ள எளிதான பயிற்சி ஒன்றைச் செய்துவிடுவது நல்லது. அலெக்ஸ் ஜாரெட் என்ற அமெரிக்கர் 1996-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்களாகச் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் யாரேனும் நேரில் சென்று, அங்கிருந்து நான்கு திசைகளையும் படமெடுத்து, கண்டதை எழுதிவைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நிலநடுக்கோட்டுப் பகுதியில்கூட எந்த இடத்திலிருந்தும் ஏறத்தாழ 79 கிலோமீட்டருக்குள் இத்தகைய புள்ளி ஒன்று இருக்கும். கோவைக்காரர்களுக்கு அவ்வளவு தொலைவும் தேவையில்லை. 11 டிகிரி வடக்கும் 77 டிகிரி கிழக்கும் சந்திக்கும் புள்ளி மாநகரின் கிழக்குப் பகுதியில், இராமநாதபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே, திருச்சி சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. கரூர்க்காரர்களுக்கு 11 வடக்கு, 78 கிழக்கு. அது நகரிலிருந்து மேற்கு வடமேற்காக ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

கைபேசியில் ஜி.பி.எஸ். செயலி ஒன்றைத் திறந்து, ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, தசம டிகிரியில் ஐந்து இலக்கம் வரை காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் நிலத்தில் நீங்கள் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். டிகிரி, நிமிடம், விநாடி என்ற முறையில் ஒரு விநாடி ஏறத்தாழ 30 மீட்டர். திறந்த வெளியில் நல்ல கைபேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழை காட்டும். மாடி வீடுகளுக்கு இடையிலும் அடர்ந்த தோப்புக்குள்ளும் அது இன்னும் கூடும். கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாக வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தெருவில் முன்னும் பின்னும் நடக்கையில், எண் எப்படித் துள்ளுகிறது, எவ்வளவு நேரம் அசையாமல் நின்றால் அது அடங்குகிறது என்பதெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் புரிதலுக்காகத்தான் இந்தப் பயிற்சி. புள்ளி யாருடைய வீட்டு வளாகத்துக்குள்ளாவது விழுந்தால் வெளியே நின்று படமெடுத்தால் போதும்; நூறு மீட்டருக்குள் சென்றாலே அத்திட்டத்தில் அது வெற்றியாகக் கொள்ளப்படுகிறது.

இதே அட்சரேகையில் பழைய சிறப்பு ஒன்றும் உண்டு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் முக்கோண அளவீடு, 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கே குமரி வரை இறங்கியபோது, அதன் முக்கிய நிலையங்களில் ஒன்றாகக் கோயம்புத்தூர்ச் சீமையின் பச்சாபாளையம் அமைந்தது. அந்நிலையத்தின் அட்சரேகை 11 டிகிரிக்கு மிக அருகில் இருக்கிறது. பூமியின் வடிவத்தைக் கணக்கிட உதவிய எண்களில் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரும் இடம்பெற்றிருப்பதை எத்தனை பேர் அறிவார்களோ தெரியவில்லை.

தாள்களைத் திரட்டுதல்

கைபேசி வரைபடம் இருக்கும்போது தாள் எதற்கு என்ற கேள்வி எழலாம். நீர்ப்பிரிமேட்டைக் காண்பதற்குச் சாலை வரைபடம் பயன்படாது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் ஓடைகளும் வேண்டும். 1767-இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை, 1:50,000 அளவையில் திறந்த வரிசை வரைபடங்களைத் தன் இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்வோருக்கு இலவசமாகத் தருகிறது. இந்த அளவையில் தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர். ஒவ்வொரு தாளும் 15 நிமிட அட்சமும் 15 நிமிடத் தீர்க்கமும் கொண்ட சதுரத்தைக் காட்டும்.

பழைய எண்முறையில் 58 என்ற பெருந்தாள் 8 முதல் 12 டிகிரி வடக்கு வரையும் 76 முதல் 80 டிகிரி கிழக்கு வரையும் பரவியிருந்தது. அதை ஒரு டிகிரிச் சதுரங்களாகப் பிரித்து, மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டு, ஒவ்வொன்றையும் மீண்டும் 16 தாள்களாகப் பிரித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலே சொன்ன 11, 77 புள்ளியில் 58ஏ/16, 58பி/13, 58ஈ/4, 58எஃப்/1 என்ற நான்கு தாள்களும் மூலைக்கு மூலை கூடுகின்றன. ஆகவே கோவை நகரம் முழுவதையும் ஒன்றாகக் காண விரும்பியவர் நான்கு தாள்களை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்களுக்கு எண்முறை வேறு. ஆனால் பழைய தாள்களைத் தேடுவோரும் அவற்றைப் பற்றிப் பேசுவோரும் இன்றும் 58 வரிசையிலேயே பேசுகிறார்கள் என்பதால் இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பழைய தாள் கையில் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அது பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் கைபேசி பயன்படுத்துவதோ வேறு அடிப்படை. இரண்டுக்கும் இடையே நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேலான வேறுபாடு வரும். பழைய தாளில் படித்த ஆயத்தை அப்படியே கைபேசியில் இட்டால் கோயிலுக்குப் பதிலாகக் கிணற்றின் முன்னே போய் நிற்பீர்கள்.

தாளில் நிறங்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. நில அளவைத் துறையின் தாள்களில் நீருள்ள ஓடைகள் நீலமாகவும், வறண்ட ஓடைகள் கறுப்பாகவும் காட்டப்படுகின்றன. கொங்கில் பள்ளம் என்று நாம் அழைக்கும் ஓடைகளில் பெரும்பாலானவை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பவை; ஆகவே அவை கறுப்பில் இருக்கும். புதியவர்கள் அவற்றை வண்டித்தடம் என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். அவற்றைத்தான் முதலில் நீலப் பென்சிலால் மேலெழுதிக்கொள்ள வேண்டும்.

பென்சிலால் கோடு இழுத்தல்

கோடு எங்கே ஓடுகிறது என்ற பொதுவான படத்தை மனதில் வாங்கிக்கொள்வோம். வடக்கே நொய்யல், போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கிறது. அதன் தெற்கு மலைமுகட்டைத் தாண்டினால் வாளையாறு, அது மேற்கே போய்ப் பாரதப்புழையைச் சேர்கிறது. தெற்கே ஆழியாறும் பாலாறும் (இது வடதமிழ்நாட்டுப் பாலாறு அன்று) பொள்ளாச்சி வட்டாரத்து நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு மேற்கே கேரளத்துக்குள் நுழைகின்றன. உடுமலைப் பக்கத்து நீர் அமராவதிக்குப் போய், கரூர் அருகே காவிரியை அடைகிறது. ஆகவே நீர்ப்பிரிமேடு மதுக்கரைப் பக்கம் மலையை விட்டு இறங்கி, கிணத்துக்கடவுக்கு வடக்கிலும் கிழக்கிலுமாக வளைந்து, பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடையே தெற்கே திரும்பி, திருமூர்த்தி அணைக்குக் கிழக்கே மீண்டும் மலையேறுகிறது. பொள்ளாச்சியில் பெய்யும் மழை அரபிக் கடலுக்குப் போகிறது என்பதை உள்ளூர்க்காரர்களிலேயே பலர் நம்ப மறுப்பார்கள்.

இனி நுணுக்கமான வேலை. விதிகள் சிலவே. நீர்ப்பிரிமேடு எந்த இயற்கை ஓடையையும் ஒருபோதும் வெட்டிச் செல்லாது. வெட்டினால் உங்கள் கோடு தவறு. ஓடை இருக்கும் இடத்தில் சமஉயரக் கோடுகள் மேட்டை நோக்கிக் கூர்மையாக வளையும். முகடு இருக்கும் இடத்தில் தாழ்வை நோக்கி வளையும். நிலத்தை ஓட்டு வீட்டின் கூரையாக எண்ணிக்கொண்டால், நீங்கள் தேடுவது அதன் முகட்டோட்டு வரிசையை. தெளிவாகத் தெரியும் மலைமுனையில் தொடங்கி, இரு பக்கத்து ஓடைகளின் தலைப்புகளுக்கும் நடுவே பென்சிலை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். மையில் இழுக்காதீர்கள், இக்கோடு பலமுறை அழிக்கப்படும்.

மலையடிவாரம் வரை இது எளிது. சமவெளியில் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில் வருவதால், இரண்டு கோடுகளுக்கு நடுவே சில கிலோமீட்டர் அகலமான நிலம் எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடக்கும். அங்கே தாளிலுள்ள தனி உயரப் புள்ளிகள், குளம் குட்டைகளின் கரை எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறது என்பது, ஊர்ப்பெயர்களில் வரும் மேடும் பள்ளமும் ஆகியவை துணையாகும். குளத்துக் கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே இருக்கும் என்பதால், கரையின் வளைவு நீரோட்டத்தின் திசையைச் சொல்லிவிடும்.

கால்வாய்களிடம் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கால்வாய்கள் இந்த நீர்ப்பிரிமேட்டை மதிப்பதே இல்லை. மதிக்காமல் இருப்பதற்காகவே அவை வெட்டப்பட்டன. மேற்கே ஓடவேண்டிய நீரைத் திருப்பி, சர்க்கார்பதியிலிருந்து ஏறத்தாழ 49 கிலோமீட்டர் மலைச்சரிவை ஒட்டியே காண்டூர் கால்வாய் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவருகிறது. அந்த அணையே பாரதப்புழைக்குப் போகும் பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. ஆனால் அதன் பாசனக் கால்வாய் நீர்ப்பிரிமேட்டைக் கடந்து உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்து நிலங்களுக்குப் போகிறது. தாளில் கால்வாயை இனங்காண்பது கடினமன்று. ஓடை சமஉயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டி இறங்கும். கால்வாய் அவற்றுக்கு ஏறத்தாழ இணையாக, சீரான வளைவுகளோடு போகும். காண்டூர் என்ற ஆங்கிலச் சொல் சமஉயரக் கோட்டைக் குறிக்கும்; அக்கால்வாய் தன் பெயருக்கேற்ப நிலத்தில் வெட்டப்பட்ட ஒரு சமஉயரக் கோடுதான். வரைபடப் பித்தர்கள் அதன் கரையோரம் சற்று நேரம் நிற்கத் தவறக் கூடாது. வனப்பகுதிக்குள் செல்லும் நீளத்துக்கு மட்டும் அனுமதி வேண்டும்.

செயற்கைக்கோள் உயரத் தரவும் அதன் பொய்களும்

கணினி பழகியவர்கள், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த உயரத் தரவை இலவசமாக இறக்கி, கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் இட்டால், சில நிமிடங்களில் அதுவே நீர்ப்பிரிமேட்டை வரைந்து தந்துவிடும். அதைச் செய்துபார்ப்பதில் தவறில்லை; அதை அப்படியே நம்புவதுதான் தவறு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் கிடைக்கும் அத்தரவில் செங்குத்துப் பிழை பல மீட்டர் வரக்கூடும். சமவெளி முகட்டில் நீரைப் பிரிப்பதோ இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம்தான். அதோடு ரேடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் அடர்ந்த தென்னந்தோப்பு ஒன்று தரவில் குன்றாகத் தெரியும்; அதைச் சுற்றி மென்பொருள் ஒரு போலி முகட்டை அழகாக வரைந்து காட்டும். ஆகவே மென்பொருள் தந்த கோட்டையும் பென்சிலால் இழுத்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவை விலகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போக வேண்டிய இடங்கள் அவையே.

கைபேசி காட்டும் உயரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தென்னிந்தியாவில் புவியீர்ப்பைச் சார்ந்த கடல்மட்டப் பரப்பு, ஜி.பி.எஸ். கணக்கிடும் நீள்வட்டப் பரப்பைவிட ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்யாத செயலிகள், நீங்கள் நிற்கும் இடத்தை உண்மையைவிட அவ்வளவு தாழ்வாகக் காட்டும். இதைவிட நம்பத்தகுந்த எண் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று அங்கே எழுதப்பட்டிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக்கும், போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கும் செல்லும் மூன்று பாதைகளும் நீர்ப்பிரிமேட்டைக் கடக்கின்றன. சன்னலோரம் அமர்ந்து பலகை எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு போவது மலிவான, இனிமையான ஆய்வு.

நிலத்தில் இறங்குதல்

பருவம் பார்த்துப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பள்ளங்களில் நீர் ஓடும். ஒரு நாள் மழை, பத்து நாள் யோசனையைத் தீர்த்துவைக்கும். ஆடியில் கணவாய்க் காற்று அம்மியையே பறக்கவிடும் என்றால் தாள்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

சாலை வழியாகத் தொடங்குவது எளிது. நீர்ப்பிரிமேட்டைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றைத் தேர்ந்து, வண்டியை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு சிறுபாலத்திலும் தரைப்பாலத்திலும் நின்று, நீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதைக் குறிக்க வேண்டும். நீர் இல்லாத காலத்தில் மணல் படிந்திருக்கும் விதமும், சருகுகள் எந்தத் தூணில் சிக்கியிருக்கின்றன என்பதும் திசையைச் சொல்லும். பாலத்தடியில் கிழக்கே ஓடுகிற பள்ளம் கிழக்குக் கடலுக்குத்தான் போகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மைல் போய் வளைந்து மேற்கே திரும்பும் பள்ளங்கள் நிறைய உண்டு. குளத்தில் சேர்ந்தால் மிகைநீர் வழியும் அதன் கலிங்கு எங்கே இருக்கிறது, வழிந்த நீர் அடுத்து எந்தக் குட்டைக்குப் போகிறது என்று, பெயர் தெரிந்த ஆறு வரும் வரை தொடர்ந்து சென்றுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முகட்டுக்கு அருகில் வந்த பின் சாலை உதவாது. சாலை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் நிலத்தின் இயல்பைக் குலைத்திருப்பார்கள். அங்கே இட்டேரிகள்தாம் நம்பத்தகுந்தவை. இருபுறமும் கிளுவை வேலி சூழ்ந்த அந்தப் பழைய தடங்கள் பெரும்பாலும் நிலத்தின் போக்கிலேயே ஏறி இறங்குவதால், மழைநீர் அரித்த கோடுகளை அவற்றின் தரையிலேயே படிக்கலாம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் பெரிதும் உதவும். இருபது மீட்டர் நீளமுள்ள தெளிவான குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரண்டு பேர் இரு முனைகளையும் அளவுகோல் வைத்த குச்சிகளோடு சேர்த்துப் பிடித்தால், ஒரு விரற்கடை ஏற்றத்தையும் கண்டுவிடலாம். விலையுயர்ந்த கருவிகளுக்கு ஆசைப்படுவோர் முதலில் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

வயற்காட்டில் நிற்பவர்களிடம் கேட்பதே எல்லாவற்றையும்விட விரைவான வழி. ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். நீர்ப்பிரிமேடு எங்கே என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். “ஏனுங்க, இந்தப் பள்ளத்துத் தண்ணி எங்கீங்க போய்ச் சேருது?” என்று கேட்டால், “மழை பேஞ்சா கீழ குட்டைக்குப் போகுமுங்க, குட்டை நெம்புனா அப்புறம் ஆத்துக்குத்தானுங்க” என்ற விடை உறுதியாகக் கிடைக்கும். எந்தக் குட்டை, எந்த ஆறு என்று அதற்கு மேல் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆடு மேய்க்கும் பெரியவர்களும், மழைக்காலத்தில் வரப்பு வெட்டிவிடுபவர்களும் தருகிற விடைகள் உயரத் தரவைவிட நுட்பமானவை.

கையில் வரைபடத்தோடு தோட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர் மீது ஐயம் எழுவது இயல்பு. உயர்மின் கோபுரம், எரிவாயுக் குழாய், புறவழிச்சாலை என்று பல காரணங்களுக்காக நிலம் அளக்க வந்தவர்களைக் கண்டு சலித்த ஊர்கள் இவை. ஆகவே கேட்கும் முன்னரே நீங்கள் யார், எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வெறும் ஆர்வம்தான் என்பதை அவர்கள் நம்பக் கொஞ்ச நேரம் ஆகும். வேலியைத் தாண்டக் கூடாது. பல்லடம் சுற்று வட்டாரத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகைகளுக்கு அருகே போகவே கூடாது. வெளியாள் காலில் வரும் நோய்த்தொற்று அவர்களுக்குப் பெரும் நட்டம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் புல் மூடிக் கிடக்கும் என்பதால் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பதைத் தவிர்க்க வேண்டும். கோட்டின் இரு முனைகளும் காப்புக்காடுகளுக்குள் செல்கின்றன; தெற்கு முனை ஆனைமலைத் தொடருக்குள் ஏறுகிறது. யானைகள் நடமாடும் அப்பகுதிகளில் அடிவாரத்தோடு நின்றுகொண்டு, மீதியைத் தாளில் பார்த்து நிறைவடைவதுதான் அறிவுடைமை.

குறிப்பேடு

ஒவ்வொரு புள்ளிக்கும் நாள், ஐந்து இலக்க ஆயங்கள், கண்ட சான்று, சொன்னவர் இன்ன தொழில் செய்பவர் என்ற அளவிலான குறிப்பு, நான்கு திசைப் படங்களின் எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னவர் பெயரை எழுத வேண்டியதில்லை. அதோடு நம்பிக்கை அளவு ஒன்றையும் இடுங்கள். நீர் ஓடக் கண்டது முதல் தரம். மணலையும் சருகையும் கொண்டு ஊகித்தது இரண்டாம் தரம். கேட்டறிந்ததும் தரவில் கண்டதும் மட்டுமென்றால் மூன்றாம் தரம். இறுதிக் கோட்டை வரையும்போது முதல் தரப் புள்ளிகளுக்கு இடையே தொடர்கோடாகவும், மற்ற இடங்களில் விட்டுவிட்டும் வரைய வேண்டும். முழுவதையும் தொடர்கோடாக வரைந்து காட்டும் வரைபடத்தை நான் நம்புவதில்லை. சமவெளியில் அவ்வளவு உறுதி யாருக்கும் கிடைக்காது.

பள்ளங்களின் பெயர்களைக் கேட்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பல பள்ளங்களுக்கு ஊரார் வழங்கும் பெயர் எந்த அச்சு வரைபடத்திலும் இல்லை. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் ஓடையின் போக்கையும் அதன் தமிழ்ப் பெயரையும் நீங்களே சேர்க்கலாம். ஓடைக்கோட்டை நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது அங்கே விதி. அதைக் கவனியாமல் தலைகீழாக வரையப்பட்ட கொங்கு ஓடைகளைக் கண்டால் திருத்திவிடுங்கள்.

கோட்டின் பெரும்பகுதி முடிந்த பின்னும் ஒரு புள்ளி மிஞ்சும். நொய்யல், அமராவதி, பாரதப்புழை ஆகிய மூன்று வடிநிலங்களும் ஓரிடத்தில் கூடியாக வேண்டும். பல்லடத்துக்குத் தென்மேற்கே, சுல்தான்பேட்டையைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் அதைத் தேடத் தொடங்குங்கள். அங்கே சமஉயரக் கோடுகள் மிக அகன்றும், பள்ளங்கள் தலைப்பில் மிகச் சிறுத்தும் இருப்பதால் தாள் உங்களைக் கைவிடும். டியூப்பும் மழையும் மட்டுமே துணை. மூன்று பக்கத்துப் பள்ளங்களின் தலைப்புகளையும் தனித்தனியே கண்டு குறித்த பிறகு, அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தை ஒரு சிறு முக்கோணமாகத் தாளில் அடையாளமிட்டு, அடுத்தடுத்த மழைகளில் அந்த முக்கோணத்தைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும்.